‘சாட்சி’ என்றொரு கருவி

“என் வாழ்க்கையை யாரோ அழிக்கறாங்க” என்றார் தலைமைப் பொறியாளர்.

“ஒரேயடியாவா சார், கொஞ்சம் கொஞ்சமாவா?” என்று கேட்டான் ஒயர்.

துப்பறிவாளர் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். பிறகு, “கேட்ட விதம்தான் தப்பு. கேள்வி சரி. சொல்லுங்க சார்” என்றார்.

“கொஞ்சம் கொஞ்சமா. தினம் ஒண்ணு.”

துப்பறிவாளர் அம்மையார் இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்துபோன கடைகளைச் சோதித்தவர். சாம்பலைக் கிளறமாட்டார், கடை எரிந்த மறுநாள் முதலாளி என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று பார்ப்பார். அவருடைய உதவியாளன் நாற்பது வயது ஆசாமி. கணினிக் கடையில் விற்பனையாளனாக இருந்து, ‘இது உங்களுக்குத் தேவையே இல்லீங்க’ என்று வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொன்னதற்காக அனுப்பப்பட்டவன். தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள் தொங்கும். அதனால் அவன் பெயரே ஒயர் என்றாகிவிட்டது.

தலைமைப் பொறியாளர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. வாசலில் தொங்கும் பெயர்ப் பலகைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஊருக்குக் குடிநீர்த் தொட்டிகள் கட்டி முடித்தவர், இப்போது தன் வரலாற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுதினால் கை வலிக்கும் என்று கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினார். வாரத்தில் ஆறு நாள், காலை பத்து முதல் பதினொன்று வரை. ஞாயிற்றுக்கிழமை தொண்டைக்கு விடுமுறை. இதுவரை ஐம்பத்தெட்டு பாகம். வருகிற ஞாயிறு, வாடகை அரங்கில், முன்னூறு பேர் முன்னால் திரையிடல்.

“ஐம்பத்தெட்டுல நாற்பத்தாறு திறக்கல. பேரு இருக்கு, அளவு இருக்கு, தொட்டா ஓடல. என் பிறப்பு போச்சு, படிப்பு போச்சு, கல்யாணம் போச்சு...”

“கல்யாணமுமா!” என்று ஒயர் அனுதாபமாகப் பார்த்தான். எதற்காக அனுதாபம் என்று தெரியாததால் அவனை யாரும் கண்டிக்கவில்லை.

“யார் மேல சந்தேகம்?”

பெரியவர் சோபாவின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே அவருடைய மருமகள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பயணப் பெட்டி நின்றது. பெட்டி பூட்டியிருந்தது, அவள் வாய் பூட்டியிருக்கவில்லை.

“என் வேலையே மென்பொருள்ல பிழை கண்டுபிடிக்கறது. அதனால பிழை செய்யறதும் நானாத்தான் இருக்கணுமாம். நேத்து சாயங்காலம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். பாஸ்வேர்டையும் மாத்திட்டார். என் ஆபீஸ் வேலையே நின்னு போச்சு.”

“இந்த வீட்ல இதெல்லாம் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே?”

“தெரிஞ்சவங்கதான் திருடுவாங்கன்னா, பூட்டு செய்யறவன் எல்லாரும் ஜெயில்ல இருக்கணும் மாமா.”

ஜன்னலோரம் நின்ற அவளுடைய கணவர் இருமினார். அவர் பல் மருத்துவர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கும் மனிதர், அப்பா முன்னால் தன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

சமையலறை வாசலில் ஒரு தலை தெரிந்தது. பொறியாளரின் மனைவி. முந்தானையில் கை துடைத்தபடி, “என்னங்க, என்கிட்ட இருக்கு” என்றார்.

“சரி, கொண்டு வந்து வை. வந்தவங்களுக்கும் சேர்த்து.”

அந்த அம்மாள் ஒரு நொடி அங்கேயே நின்றார். உள்ளே போனார். ஆறு காபியோடு திரும்பி வந்தார். மேஜையில் வைத்துவிட்டு, துப்பறிவாளரை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

“சரி சார், உங்க வாழ்க்கை குடியிருக்கற இடத்தைக் காட்டுங்க” என்று துப்பறிவாளர் எழுந்தார்.

அது கூடத்து மூலையில் ஓர் இரும்பு பீரோவுக்குள் குடியிருந்தது. பீரோவை ஒட்டி ஆறடி நீளத்துக்கு மீன் தொட்டி. பெரியவர் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே, மல்லாந்து விழுந்த சிலந்தி போல எட்டு ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டு கிடந்தது ரவுட்டர்.

“இதைத் தேர்ந்தெடுக்க ஆறு மாசம் ஆச்சு. தொண்ணூத்துநாலு வரிசைல ஒப்பீட்டு அட்டவணை போட்டேன்.”

“அப்புறம் இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க” என்றான் ஒயர்.

“தூசி படும்ல?”

“பாடகரைக் கூட்டிட்டு வந்து வாயில துணி அடைச்ச மாதிரி சார். பக்கத்துல தண்ணி வேற. இந்த வீட்லயே மீனுங்களுக்குத்தான் சிக்னல் நல்லா கிடைக்கும்.”

“அதுக்குத்தான் சிக்னலை நீட்டற எக்ஸ்டெண்டர் அஞ்சு வாங்கி அங்கங்க மாட்டியிருக்கேன்.”

“இல்லாததை அஞ்சு பக்கம் நீட்டியிருக்கீங்க.”

துப்பறிவாளர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ரவுட்டரின் பின்பக்கத்தில் செருகியிருந்த தீப்பெட்டி அளவு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். வீட்டில் யார் வேண்டுமானாலும் இருந்த இடத்திலிருந்தே இதைத் திறந்து பார்க்கலாம். பாகங்கள் எல்லாம் இதில்தான்.

“பதினாறு டெராபைட்” என்றார் பெரியவர் பெருமையாக. “நான் நூறு வயசு வரை பேசினாலும் தாங்கும்.”

“நாங்க தாங்கணுமே” என்று மருமகள் சுவரிடம் சொன்னாள்.

“இதுக்கு எத்தனை வரிசை அட்டவணை?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“இது சலுகை. போன்ல விளம்பரம் வந்துது. ரெண்டு மணி நேரம்தான் டைம் குடுத்தான். அதுக்குள்ள அட்டவணை எங்க போடறது?”

ஒயர் வாயைத் திறந்தான். துப்பறிவாளர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“பிரதி எடுத்து வெச்சிருக்கீங்களா?”

“ஒவ்வொரு பாகத்துக்கும் ஒண்ணு! ‘பிரதி’ன்னு தனி ஃபோல்டரே இருக்கு.”

“எதுல?”

“இதே டிஸ்க்லதான்.”

“பீரோவோட மாத்துச் சாவியை அதே பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கார் மேடம்” என்றான் ஒயர். இந்த முறை காலை யாரும் மிதிக்கவில்லை.

திரையிடலுக்காக அமர்த்திய படத்தொகுப்பாளர் தன் அலுவலகத்திலிருந்தே இணையம் வழியாகத் தினமும் பாகங்களைத் திறந்து பார்த்துக் குறிப்பு அனுப்பி வந்தார். பெரியவரின் போனில் அதை வாங்கிப் படித்தார் துப்பறிவாளர். சனிக்கிழமை: 43 வரை ஓடவில்லை. ஞாயிறு: அதேதான். திங்கள்: 44-உம் ஓடவில்லை. செவ்வாய்: 45-உம் போயிற்று. இன்று புதன், மதியம் அனுப்பிய குறிப்பு: 46-உம் காலி.

இரண்டு முறை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “ஒயர், இந்த வீட்டு வைஃபைல யாரெல்லாம் வந்து போறாங்கன்னு பாரு.”

ஒயர் மடிக்கணினியில் ரவுட்டரின் பட்டியலைத் திறந்தான். பெரியவரின் போன். டாக்டரின் போன். மருமகளின் கணினி. டிவி. பிரிண்டர். கடைசி வரிசையில் அவன் விரல் நின்றது.

“மேடம், இங்க ‘சாட்சி’ன்னு ஒண்ணு இருக்கு.”

“யாரோடது?”

பெரியவர் மருமகளைப் பார்த்தார். “சத்தியமா என்னோடது இல்ல. இப்பத்தான் பேரையே பாக்கறேன்” என்றாள் அவள்.

“ரெண்டு மாசமா வருது. தினம் மூணு மணிக்கு உள்ள வந்து, டிஸ்க்லருந்து மொத்தமா ஒரு வாய் குடிச்சுட்டு நாலு மணிக்குள்ள போயிடுது.”

“மூணுலருந்து நாலு நான் தூங்கற நேரம்!” பெரியவரின் குரல் உயர்ந்தது. “பாத்தியா? நான் கண்ணை மூடினதும் திருட்டு!”

துப்பறிவாளர் மணியைப் பார்த்தார். மூன்றுக்கு நான்கு நிமிடம். “எல்லாரும் உக்காருங்க. திருடன் வேலைக்கு வர்ற நேரம்.”

உட்கார்ந்தார்கள். மீன்கள் மட்டும் நடமாடின. மூன்று அடித்து ஒரு நிமிடத்தில் பட்டியலில் ‘சாட்சி’க்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

“வந்துட்டான்! மூணாவது எக்ஸ்டெண்டர் வழியா உள்ள நுழையறான்.”

“அது மாடி நடைல இருக்கு” என்றார் டாக்டர். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவரே பயந்துவிட்டார்.

ஓசைப்படாமல் ஐந்து பேரும் படியேறினார்கள். மாடி நடையில் மூன்று கதவுகள், மூன்றும் சாத்தியிருந்தன. சுவரில் எக்ஸ்டெண்டர் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“எந்தக் கதவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்று கிசுகிசுத்தார் பெரியவர். “அதுக்கு ஏதாவது கருவி இருக்கா?”

“இருக்கு” என்றார் துப்பறிவாளர். “ஒயர், அந்த பிளக்கைப் பிடுங்கு. யார் அலுத்துக்கறாங்கன்னு கேப்போம்.”

ஒயர் பிடுங்கினான்.

நான்கு நொடி அமைதி. பிறகு மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “சே! மறுபடியும் போச்சா? எண்ணி எட்டு கொம்பு வெச்சு வாங்கினாரே!”

அந்தக் குரலோடு பெரியவர் நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார்.

கதவைத் தள்ளினார்கள். துணி இஸ்திரி போடும் அறை. இஸ்திரி மேஜையில் ஒரு பழைய மடிக்கணினி, அதன் பக்கத்தில் செங்கல் அளவுக்குக் கறுப்பாக ஒரு டிஸ்க், எதிரில் தாங்கியில் நிறுத்திய போன். நடுவில், கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தலைமைப் பொறியாளரின் மனைவி.

“கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா? பதிவு ஓடிட்டிருக்கு” என்றார் அந்த அம்மாள்.

“நீயா? நீதான் சாட்சியா?”

“நான்தான். இது பேரும் அதான்” என்று மடிக்கணினியைத் தட்டினார். “நீங்க தினம் பேசறதை எடுத்து இதுல வெச்சுக்கறேன். நேத்து மாத்தின பாஸ்வேர்டைக்கூட, மறந்துடும்னு என்கிட்டதானே எழுதி வெக்கச் சொன்னீங்க? கேக்கறேன். எங்கெங்க தப்பா சொல்றீங்களோ அதுக்கெல்லாம் மறுப்பு பேசிப் பதிவு பண்றேன். ஐம்பத்தெட்டு பாகத்துல ஐம்பத்தேழுக்கு மறுப்பு முடிஞ்சிடுச்சு. இன்னிக்குள்ளதுதான் பாக்கி. பிளக்கை மாட்டுங்க.”

“இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

“சாயங்காலம் நடக்கப் போறேன்னு சொல்லுவேன்ல? நடந்துதான் போனேன். நூலகத்துக்கு. அங்க கணினி வகுப்பு நடக்குது.”

மருமகள் பெட்டியை மறந்து முன்னால் வந்தாள். “அத்தை, அப்ப எல்லா பாகமும் உங்ககிட்ட இருக்கா? ஒண்ணாம் பாகத்துலருந்து?”

“எல்லாம் இருக்கு. அவர் சொன்னது தப்புன்னு காட்டணும்னா, அவர் சொன்னது பத்திரமா இருக்கணும்ல? காலைலருந்து மூணு தடவை சொல்லிட்டேன், என்கிட்ட இருக்குன்னு. எது இருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? காபி இருக்குன்னு நினைச்சுக்கிட்டீங்க.”

ஒயர் ஏதோ சொல்லப் போனான். பிறகு தன் காபியையும் இந்த அம்மாள்தான் போட்டார் என்பது நினைவுக்கு வந்து சும்மா இருந்தான்.

பெரியவர் மூச்சை இழுத்து நிமிர்ந்தார். ஒரு தொட்டியே இடிந்தாலும் அறிக்கை கேட்கும் மனிதர். “புரிஞ்சு போச்சு. இவ காப்பி எடுத்துட்டு அங்க இருக்கறதை அழிச்சிருக்கா. வீட்டுக்குள்ளயே எதிரி!”

“இல்ல சார்” என்றார் துப்பறிவாளர். “உங்க திருடனுக்கு மூணு பழக்கம் இருக்கு. வரிசை தப்பாம பழசுலருந்து திருடறான். ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல தொடறதில்ல. அதோட, போன ஞாயித்துக்கிழமை அவன் வேலைக்கே வரல. இந்த அம்மா ஞாயிறும் சாட்சியைத் திறந்திருக்காங்க, பட்டியல்ல இருக்கு. உங்க மருமகளுக்கு உங்க மேல கோபம்னா ஒரே நாள்ல ஐம்பத்தெட்டையும் அழிச்சிட்டுப் போயிருப்பாங்க. இந்த வீட்ல ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு எடுக்கறது யாரு?”

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவரும் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“நான் பேசற நாள்ல...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“புதுசு ஒண்ணு வைக்கறீங்க. பழசு ஒண்ணு போகுது. சார், நீங்க தொட்டி கட்டினவர், உங்க பாஷையிலயே கேக்கறேன். தொட்டிமேல ஆயிரம் குடம்னு எழுதியிருக்கு. உள்ள பன்னிரண்டு குடம்தான் பிடிக்கும். பதிமூணாவது குடத்தை ஊத்தினா?”

“ஏற்கெனவே இருந்தது வெளியே போகும்.”

“ஆனா குடம் எண்ணறவன் நோட்டுல பதிமூணுன்னு எழுதிப்பான். பேரு இருக்கும், அளவு இருக்கும். தண்ணி இருக்காது. இன்னிக்கு ஓடறது நாற்பத்தேழுலருந்து ஐம்பத்தெட்டு வரை. எண்ணிப் பாருங்க. பன்னிரண்டு.”

பெரியவர் விரல்விட்டு எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

“வாங்கின அன்னிக்கே சொன்னேன்” என்றாள் மருமகள் தணிந்த குரலில். “ஒரு தடவை முழுசா நிரப்பிப் பாத்துடலாம் மாமான்னு. ‘நான் வாங்கினதையே சந்தேகப்படறியா’ன்னு கேட்டீங்க.”

“பாகம் முப்பத்தொண்ணு” என்றார் மனைவி, கணினியில் விரல் வைத்தபடி. “‘நிரப்பிப் பாக்காம எந்தத் தொட்டிக்கும் நான் கையெழுத்து போட்டதில்ல.’ என்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டவா?”

“வேணாம்.”

ஒயர் அதற்குள் கீழே ஓடி அந்தத் தீப்பெட்டி டிஸ்க்கைக் கழற்றி வந்திருந்தான். காதருகே ஆட்டினான். உள்ளே ஏதோ அசைந்தது. ஸ்க்ரூ டிரைவரால் விளிம்பை நெம்பினான். மூடி எகிறியது. உள்ளே கைப்பேசியில் போடுகிற மெமரி கார்டு ஒன்று, நகத்தளவு. அதன் பக்கத்தில், பசை போட்டு ஒட்டி, பசை விட்டுப்போன ஓர் இரும்பு நட்டு.

“கார்டுல அறுபத்துநாலு ஜிபி” என்றான் ஒயர். “பதினாறு டெராபைட்ல பாக்கியெல்லாம் இந்த நட்டுலதான் இருக்கு சார். கையில வாங்கினா கனமா இருக்கணும்ல, அதுக்கு.”

பெரியவர் நட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். குழாய் இணைப்புகளில் இப்படி ஆயிரக்கணக்கில் முறுக்கியவர். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றதால், அதை எப்படிக் கையாள்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மருமகளிடம் திரும்பினார். “எந்த டிஸ்க் வாங்கணும்னு நீயே பாத்து...”

“அது அப்புறம் மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி இருக்கு.”

“பாஸ்வேர்டு...”

“அதுவும் இல்ல.”

கையிலிருந்த நட்டை இஸ்திரி மேஜையில் வைத்தார். “தப்பு என்னோடது” என்றார் பெரியவர். “உன்னைச் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்கோம்மா.”

அவள் தலையசைத்தாள். ஆனால் கீழே போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தாள். பின்னாலேயே ஓடிய டாக்டர், “அதான் எல்லாம் சரியாயிடுச்சே!” என்றார்.

“உங்க அப்பாவோட சரியாயிடுச்சு. நேத்து அவர் என்னைத் திருடின்னு சொல்றப்போ நீங்க ஜன்னலுக்கு வெளியே பாத்துட்டிருந்தீங்க. நாலு நாள் அக்கா வீட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை நேரா அரங்கத்துக்கு வர்றேன். அத்தை பேசறதைக் கேக்கணும்.”

“நான் கொண்டுவந்து விடறேன்.”

“நானே போய்ப்பேன். நீங்க இங்க இருந்து கொஞ்சம் பேசிப் பழகுங்க.”

தெருக்கதவு சாத்தும் சத்தம் மாடி வரை கேட்டது.

இஸ்திரி அறையில் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்த நாற்பத்தாறு பாகத்தையும் குடுப்பியா?”

“குடுக்கறேன். ஆனா அரங்கத்துல உங்க பாகம் ஒண்ணு ஓடினா, பின்னாடியே என் மறுப்பு ஓடணும்.”

“அப்படி என்னதான் மறுப்பு பேசியிருக்க?”

அந்த அம்மாள் ஒரு விசையைத் தட்டினார். திரையில் அதே அறை, அதே இஸ்திரி மேஜை, அவரே. ‘பாகம் பதினாலு. வெளியூர் பதவி உயர்வை குடும்பத்துக்காக வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்னு சொல்றார். உண்மைதான். ஆனா அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பக்கத்து மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையா வரச் சொல்லி. வீட்ல ஒருத்தர் தியாகம் பண்ணிட்டு அதையே பேசிட்டிருந்தார். அதனால ரெண்டாவது தியாகத்துக்கு இடம் இல்ல. நான் கடிதத்தை மடிச்சு வெச்சுட்டேன்.’

காட்சி நின்றது. மனைவி திரையைப் பார்க்காமல் ஹெட்போன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் இஸ்திரி போட்ட துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த வேலைக்கு அப்புறம் யாரு போனா?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். தாங்கியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த போனை எடுத்துப் பதிவை நிறுத்தினார்.

“சொல்றேன்” என்றார்.

துப்பறிவாளர் ஒயரின் சட்டைக் காலரைப் பிடித்து நடைக்கு இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“மேடம், யாரு போனாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாமே!”

“நம்மகிட்ட சொல்லல” என்றார் துப்பறிவாளர், படியிறங்கிக்கொண்டே.